கவச அடுக்குகளைச் சோதிப்பது எப்படி? கேள்வி பதில்

கே: சார், எங்கள் அராமிட் (கெவ்லார் போன்ற வலுவான இழை) கவசப் பேனலை ஒரு குண்டும் துளைக்கவில்லை. ஆனாலும் லேப் 'தோல்வி' என்று எழுதிவிட்டது. ஏன்?

ப: சுடும்போது பேனலுக்குப் பின்னால் களிமண் வைப்பார்கள்; அறிக்கையில் அந்தக் களிமண்ணில் விழுந்த குழியின் ஆழத்தைப் பாருங்கள். அமெரிக்க என்ஐஜே (தேசிய நீதி நிறுவனம்) தரத்தில் 44 மி.மீ. தான் எல்லை. குண்டு நின்றாலும் துணி உள்ளே புடைத்து விலா எலும்பை உடைக்கலாம். நெய்த துணியாகவே அடுக்கியிருந்தால், உடல் பக்கத்துக் கடைசி அடுக்குகளை விறைப்பான யுடி (நெய்யாமல் இழைகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டிய) தாளாக மாற்றிப் பாருங்கள். மொத்த எடையைக் கூட்டாமலே குழி குறைய வாய்ப்புண்டு.

கே: அண்ணா, குழியின் ஆழம் காலையில் 36 மி.மீ., மதியம் 43 வருகிறது. ஒரே பேனல், ஒரே குண்டு!

ப: பேனலை விடுங்கள், களிமண்ணைச் சந்தேகப்படுங்கள். சோதனைக்குப் பயன்படும் ரோமா பிளாஸ்டிலினா நம்பர் 1 என்ற களிமண் சூட்டுக்கேற்ப இளகும், இறுகும். சுடத் தொடங்கும் முன் 1043 கிராம், 63.5 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கோளத்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து பல இடங்களில் விட்டுப் பாருங்கள். குழிகளின் சராசரி 19 மி.மீ., 2 கூடலாம் குறையலாம். ஆழம் குறைந்தால் மண் ஆறிவிட்டது, மறுபடி சூடாக்குங்கள். ஆறிய மண்ணில் மோசமான பேனலும் தேறிவிடும்; ஆபத்து அங்கேதான். ஒவ்வொரு குழியையும் காற்று தங்காமல் அழுத்தி நிரப்பி, மட்டப்பலகையால் களிமண் நிரப்பிய சட்டகத்தின் விளிம்போடு சமமாக வழியுங்கள். உள்ளே காற்றுப்பை இருந்தால் அளவு பொய் சொல்லும்.

கே: வி50, அதாவது குண்டு துளைக்கப் பாதி வாய்ப்புள்ள வேகம், எப்படிக் கணக்கிடுவது?

ப: துளைத்தால் அடுத்த குண்டின் வெடிமருந்தைக் குறையுங்கள், நின்றால் கூட்டுங்கள். துளைத்தவற்றில் வேகம் குறைந்த மூன்று, நின்றவற்றில் வேகம் கூடிய மூன்று, ஆறின் சராசரி. இந்த ஆறும் நெருங்கிய வேகங்களில் இருக்க வேண்டும், இல்லையேல் எண்ணுக்கு மதிப்பில்லை. துளைத்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பேனலுக்கு 152 மி.மீ. பின்னால் 0.5 மி.மீ. அலுமினியத் தகடு வையுங்கள். அதில் ஓட்டை விழுந்து ஒளி தெரிந்தால் துளைத்ததாகக் கணக்கு.

கே: புதிய பேனலை மட்டும் சுட்டால் போதாதா மேடம்?

ப: போதாது. சைலான் இழைக் கவசம் நல்ல பாடம்: 2003-ல் பென்சில்வேனியாவில் ஒரு காவலர் அணிந்திருந்ததைக் குண்டு துளைத்தது. ஈரமும் வெப்பமும் அந்த இழையின் வலுவைக் குறைத்திருந்தன. அதற்குப் பின் வந்த என்ஐஜே 0101.06 தரத்தில் 65 டிகிரி செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதத்தில் 10 நாள், சுழலும் உருளைக்குள் 72,000 சுற்று உருட்டிய பிறகும் சுடுகிறார்கள். உறையின் தையல் பிரிந்து நீர் புகுந்தால் அராமிட் இழைகள் வழுக்கிக் குண்டுக்கு வழிவிடும்.

கே: அழுத்திய பாலிஎத்திலீன் தகட்டில் அடுக்கு பிரிந்ததை நாணயத்தால் தட்டிக் கண்டுபிடிக்கலாமா?

ப: மேற்பரப்புக்கு அருகே பெரிதாகப் பிரிந்திருந்தால் தெரியும். ஆழத்தில் இருப்பதற்கு மீயொலிச் சோதனை வேண்டும்.