பின்னணி இசை இல்லாமல் கதை நிற்குமா?

கேள்வி: சிறுகதைகளை ஒலிவடிவில் பதிவு செய்கிறேன். இசையும் சத்தங்களும் சேர்த்தால்தான் கேட்பார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அவசியமே இல்லை. முதலில் பார்க்க வேண்டியது மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம். நெருங்கிப் பேசினால் பல மைக்குகளில் அடித்தொனி கூடும், மூச்சு கூடக் கேட்கும், பாத்திரம் மனதுக்குள் நினைப்பதை நம் காதிலேயே சொல்வது போல ஆகிவிடும். சற்றுத் தள்ளி நின்றால் அறையின் எதிரொலி சேர்ந்து அதே வரி ஊர் கேட்கச் சொன்னதாக மாறும்.

அப்புறம் மௌனம். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழு வழங்கிய 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாடகத்தில், செவ்வாய்க்கிரகவாசிகள் தாக்குவதை ஒரு செய்தியாளர் பதறிப் பதறி வர்ணித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று ஒலி அறுந்துபோகும், சில நொடிகள் ஒன்றுமே கேட்காது. எந்த வெடிச்சத்தமும் அந்தப் பயத்தைத் தந்திருக்காது. செய்தியாளராக நடித்த ஃபிராங்க் ரீடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான நேரடி வர்ணனையைக் கேட்டுத்தான் அந்தக் குரலைத் தயார் செய்தார்.

இப்போதோ பல பதிவுகளில் ஒரு வரி முடிவதற்குள் வயலின் வந்து விழுகிறது, எனக்கு அது தாங்கவே முடியவில்லை. இசையை அத்தியாயத் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எடிட்டிங்கில் இடைவெளிகளை வெட்டாதீர்கள்.