ஜூம் வகுப்பில் 'புரிகிறதா?' என்றால் 60 பேரும் வாய் திறப்பதில்லை என்கிறீர்களே, அதற்கு என் யோசனை இது:

முதலில் 'புரிகிறதா?' என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, தேர்ந்தெடுக்க மூன்று விடைகள் கொண்ட ஒரே கேள்வி கேளுங்கள். நீங்கள் இயற்பியல் எடுப்பதால் ஒன்று சொல்கிறேன்: லிஃப்ட் சீரான வேகத்தில் மேலே போகிறது, கம்பியின் இழுவிசை எடையைவிட அதிகமா, சமமா, குறைவா? சாட்டில் விடையைத் தட்டச்சு செய்யட்டும், நீங்கள் சொன்ன பிறகே எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். பாதிப் பேர் 'அதிகம்' என்பார்கள். சரியான விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். மும்மூன்று பேராகப் பிரித்து இரண்டு நிமிடம் பேசவிட்டு, மறுபடி வாக்கெடுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் தொடங்கிய முறை இதுதான்.

மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் அக்கறையின்மை இல்லை. தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயம், அதிலும் ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற பயம். தமிழில் எழுதலாம் என்று சொல்லிப் பாருங்கள், என் வகுப்பில் அன்றே மாற்றம் தெரிந்தது.

அப்புறம் ஒரு சோதனை. உங்கள் வகுப்பின் வீடியோப் பதிவு ஒன்றைப் போட்டு, கேள்விக்கும் உங்கள் அடுத்த சொல்லுக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். இணையத்தில் பத்து விநாடியாவது கொடுங்கள்.

ஒன்று மட்டும்: இந்த விடைகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள், காப்பியடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கேமராவையும் கட்டாயமாக்க வேண்டாம். பலர் கைபேசி டேட்டாவில்தான் வருகிறார்கள்.