தம்பி உருளைக்கிழங்குங்கிறான், வீட்டுக்காரர் விஷம்ங்கிறார்... நான் யாரை நம்புறது?

கேள்வி: மேடம், என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, 14 வயசு. ஆறாவது படிக்கும்போதே பிறந்த வருஷத்தை 2003ன்னு போட்டு இன்ஸ்டாகிராம் ஓப்பன் பண்ணிட்டா, எனக்கே போன வருஷம்தான் தெரியும். நைட்டு பன்னெண்டே முக்காலுக்கு எழுந்து பாத்தா போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியுது. போட்டோ போடுறா, கொஞ்ச நேரத்துல லைக் வரலைன்னா தூக்கிடுறா. எங்க அம்மா ஊருக்குப் போனப்போ சிக்னல் இல்லாம ஸ்னாப்சாட்ல ஏதோ ஸ்ட்ரீக் போச்சுன்னு சாப்பிடாம அழுதா. வீட்டுக்காரர், ஆஸ்திரேலியாவுலயே தடை பண்ணிட்டான், இது விஷம்னு ரிசர்ச் சொல்லுது, போனைப் புடுங்குங்கிறார். பெங்களூருல இருக்கற என் தம்பி, அக்கா அதெல்லாம் சும்மா பீதி, ஆக்ஸ்ஃபோர்டு ரிசர்ச்லயே இது உருளைக்கிழங்கு சாப்பிடுற மாதிரிதான்னு சொல்லிட்டான்ங்கிறான். நான் யாரை நம்புறது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வணக்கம்மா. ரெண்டு பேரும் பொய் சொல்லல. தம்பி சொல்ற ஸ்டடி நிஜமாவே இருக்கு, வீட்டுக்காரர் சொல்ற தடையும் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் பேசுறது லட்சக்கணக்கான பசங்களோட சராசரியைப் பத்தி, நீங்க கேக்கறது போர்வைக்குள்ள முழிச்சுக்கிட்டிருக்கற ஒரு பொண்ணைப் பத்தி, அதான் யார் பேச்சும் உங்களுக்கு ஒட்டல.

முதல்ல அந்த உருளைக்கிழங்கைப் பாத்துடலாம். 2019ல ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கின்னு ரெண்டு பேர், அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் ஏற்கனவே எடுத்து வச்சிருந்த பெரிய சர்வேக்களை ஒண்ணா போட்டு அலசுனாங்க, மொத்தம் மூணரை லட்சம் பசங்களுக்கு மேல. ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மனநலத்துல இருக்கற வித்தியாசத்துல, போன் கம்ப்யூட்டர் டிவி எல்லாம் சேத்து வச்சுப் பாத்தாலும் மிஞ்சிப்போனா 0.4 சதவீதத்தைத்தான் விளக்க முடியுதுன்னு வந்துச்சு. அதே டேட்டாவுல உருளைக்கிழங்கு அடிக்கடி சாப்பிடுறதுக்கும் மனநலத்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு இருந்துச்சு, கண்ணாடி போட்டுக்கறதுக்கு அதைவிட அதிகமாவே இருந்துச்சு. இதைக் கேட்டா யாருக்கும் சிரிப்பு வரும், அதான் உங்க தம்பி காது வரைக்கும் வந்திருக்கு.

ஆனா உடனே எதிர்ப்பும் வந்துச்சு. ஜீன் ட்வெங்கி, ஜோனதன் ஹைட்னு அமெரிக்காவுல ரெண்டு பேராசிரியர்கள், டிவி பாக்கறதையும் இன்ஸ்டாகிராமையும் ஒரே மூட்டையில கட்டிட்டீங்க, பசங்களையும் பொண்ணுங்களையும் ஒண்ணா கலந்துட்டீங்க, பிரிச்சுப் பாருங்க, பொண்ணுங்களுக்கு சோஷியல் மீடியாவோட இருக்கற தொடர்பு இதைவிடப் பெருசுன்னாங்க. நியாயமான பாயிண்ட்தான்னு எனக்குத் தோணுது. இதுல இன்னொரு கூத்து, இந்த மாதிரி பழைய சர்வே நிறைய, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாக்குறேன்னு பிள்ளைங்களையே கேட்டு எழுதிக்கிட்டது. 2021ல நிறைய ஸ்டடிகளை சேத்துப் பாத்தப்போ, ஆளுங்க வாயால சொன்ன நேரமும் போன்ல பதிவான நேரமும் ஒழுங்கா பொருந்தவே இல்ல. உங்க பொண்ணுகிட்டயே கேட்டுப் பாருங்க, அரை மணி நேரம்தாம்மான்னு சொல்லுவா, பொய் சொல்லணும்னு இல்ல, அவளுக்கே தெரியாது. நமக்கும்தான் தெரியாது, வாட்ஸ்அப்புல எவ்வளவு நேரம் போகுதுன்னு உங்களை யாராச்சும் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?

அடுத்த சிக்கல், எது முன்னாடி எது பின்னாடிங்கறது. போன் பாத்ததால மனசு வாடுதா, மனசு வாடுன பிள்ளை போனுக்குள்ள போயி ஒளிஞ்சுக்குதா? 2019ல கனடாவுல ஒரு குரூப், பின்னாடி சொன்னதுதான், அதுவும் பொண்ணுங்ககிட்ட, அதாவது சோர்வா இருக்கறவங்கதான் அப்புறம் அதிகமா பயன்படுத்துறாங்கன்னு சொன்னாங்க. 2025ல சான் ஃப்ரான்சிஸ்கோவுல இன்னொரு குரூப், கிட்டத்தட்ட 12,000 சின்னப் பிள்ளைகளை ஒன்பது பத்து வயசுலேர்ந்து வருஷா வருஷம் தொடர்ந்து பாத்துட்டு, சோஷியல் மீடியா நேரம் கூடுனா அடுத்த வருஷம் சோர்வு கூடுது, சோர்வு கூடுனதால நேரம் கூடலைன்னு நேர் மாறா சொன்னாங்க. 2023ல அமெரிக்காவோட சர்ஜன் ஜெனரல், அதாவது மக்கள் ஆரோக்கியத்தைப் பத்திப் பேசுற அரசோட தலைமை டாக்டர், விவேக் மூர்த்தி, இது பிள்ளைகளுக்குப் போதுமான அளவு பாதுகாப்பானதுன்னு சொல்ல முடியாதுன்னு அறிக்கை விட்டார், அதே வருஷக் கடைசியில அந்த நாட்டு அறிவியல் அகாடமி, பிள்ளைகளோட ஆரோக்கியம் ஒட்டுமொத்தமா கெட்டதுக்கு இதுதான் காரணம்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு அறிக்கை விட்டது. கவனிச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டல. பாதுகாப்புன்னு நிரூபணம் ஆகல, குற்றவாளின்னும் நிரூபணம் ஆகல. வீட்டுக்காரர் ஒரு அறிக்கையை ஃபார்வர்டு பண்ணுவார், தம்பி இன்னொண்ணை ஃபார்வர்டு பண்ணுவார், சண்டை ஓயாது.

இப்படி சர்வேயை வச்சே மல்லுக்கட்டிக்கிட்டிருந்தா விடியாதுன்னு, ஆராய்ச்சி பண்றவங்க வேற வழியில இறங்குனாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. ஃபேஸ்புக் 2004ல ஹார்வர்டு யுனிவர்சிட்டியில மட்டும் ஆரம்பிச்சு, அப்புறம் ஒவ்வொரு காலேஜா திறந்து விட்டாங்க இல்லையா, அதனால ஒரே வருஷத்துல ஒரு காலேஜ்ல ஃபேஸ்புக் இருக்கும், இன்னொரு காலேஜ்ல இருக்காது. அந்தக் காலேஜ் மாணவர்கள்கிட்ட அப்போவே எடுத்த மனநல சர்வே பத்திரமா இருந்துச்சு. மூணு பொருளாதார ஆய்வாளர்கள் ரெண்டையும் ஒட்டிப் பாத்தப்போ, ஃபேஸ்புக் வந்த காலேஜ்ல மனநலம் கொஞ்சம் இறங்கியிருந்தது, காரணமா அவங்க பாத்தது மத்தவங்களோட தன்னை ஒப்பிட்டுப் பாக்கற பழக்கம். ரீல்ஸ் கிடையாது, ஃபில்டர் கிடையாது, லைக் பட்டன்கூட வராத காலம் அது. இந்த ஸ்டடி 2022ல வந்துச்சு, இதை அவ்வளவு சுலபமா தட்டிக்கழிக்க முடியல.

கம்பெனிக்காரங்களுக்கே இது தெரியாமலும் இல்ல. 2021ல ஃப்ரான்சஸ் ஹாகன்ங்கற அம்மா, இன்ஸ்டாகிராமையும் நடத்துற ஃபேஸ்புக் கம்பெனியில வேலை பாத்துட்டு வெளிய வந்தப்போ எடுத்துட்டு வந்த உள் ஆவணங்கள்ல, தன் உடம்பைப் பத்தி ஏற்கனவே வருத்தத்துல இருந்த டீனேஜ் பொண்ணுங்கள்ல 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குதுன்னு சொல்லியிருந்தாங்க. போட்டோ போட்டுட்டு தூக்கிடுறான்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. திட்டாதீங்க. என்ன நெனச்சுத் தூக்குனான்னு ஒரு நாள் சும்மா, டீ குடிக்கும்போது, பதில் எதிர்பாக்காம கேளுங்க. சொல்லலைன்னா விட்டுடுங்க, ரெண்டு நாள் கழிச்சு அவளே வந்து சொல்லலாம்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஆம்ஸ்டர்டாம்ல 2020ல, 63 டீனேஜ் பிள்ளைங்களோட போனுக்கு ஒரு வாரம் தினமும் ஆறு தடவை மெசேஜ் அனுப்பி, இப்போ எப்படி இருக்கே, சோஷியல் மீடியா பாத்தியான்னு கேட்டாங்க. சும்மா ஸ்க்ரோல் பண்ணிப் பாத்ததுக்கு அப்புறம் 46 சதவீதம் பேருக்கு மனசு கொஞ்சம் நல்லாவே இருந்துச்சு, 44 சதவீதத்துக்கு ஒரு மாத்தமும் இல்ல, 10 சதவீதத்துக்கு மோசமாச்சு. இதைக் கூட்டி சராசரி போட்டா ஒண்ணுமே இல்லைன்னு வந்துடும், அந்தப் பத்து சதவீதம் அதுக்குள்ள காணாம போயிடும். சின்ன ஸ்டடிதான், ஆனாலும் இதுக்கப்புறம் நிறைய பேர், சோஷியல் மீடியா நல்லதா கெட்டதான்னு கேக்கறதை விட்டுட்டு யாருக்கு, எந்த வயசுல, என்ன பண்ணும்போதுன்னு கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. அதே ஏமி ஆர்பென், ஆமா உருளைக்கிழங்கு ஆர்பென்தான், 2022ல பிரிட்டன் டேட்டாவை வச்சு, பொண்ணுங்களுக்கு 11லேர்ந்து 13 வயசு, பசங்களுக்கு 14, 15 வயசு, அப்புறம் ரெண்டு பேருக்கும் 19 வயசு வாக்குல, சோஷியல் மீடியா கூடுனா ஒரு வருஷம் கழிச்சு வாழ்க்கையில திருப்தி குறையறது தெரியுதுன்னு எழுதுனாங்க. தம்பிகிட்ட இதையும் சொல்லுங்க, முதல் பாதியை மட்டும் படிச்சிட்டு நிறுத்திட்டார் போல.

அதனால உங்க பொண்ணு அந்தப் பத்து சதவீதத்துல இருக்காளா இல்லையாங்கறதுதான் உங்க கேள்வி. நீங்க எழுதுன மூணு விஷயத்துல எனக்கு ரொம்பக் கவலையா இருக்கறது அழுகை இல்ல, அந்தப் பன்னெண்டே முக்கால். ரிசர்ச்காரங்க பெரும்பாலும் சண்டை போடாத இடம் ஒண்ணு உண்டுன்னா அது தூக்கம்தான். படுக்கப்போற நேரத்துல கையில போன் இருந்தா தூக்கம் குறையுது, தரமும் கெடுதுன்னு திரும்பத் திரும்ப வந்திருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 14 வயசுப் பிள்ளைங்க பத்தாயிரத்துக்கு மேல பாத்தப்போ, சோஷியல் மீடியாவுலேர்ந்து மனச்சோர்வுக்குப் போற வழி எதெதுன்னா தூக்கம் கெடுறது, ஆன்லைன்ல யாராச்சும் சீண்டுறது, உடம்பைப் பத்தின வருத்தம், தன்னைத் தாழ்வா நெனைக்கறதுன்னு வந்துச்சு. உங்க பொண்ணு வயசுக்கு எட்டுலேர்ந்து பத்து மணி நேரம் தூங்கணும். காலையில ஆறு மணிக்கு எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்புறீங்கன்னா கணக்கு நீங்களே போட்டுக்கோங்க, அந்தத் தூக்கமின்மையே பாதி எரிச்சலுக்கும் அழுகைக்கும் போதும், இன்ஸ்டாகிராமை குத்தம் சொல்லவே தேவையில்ல.

அதனால முதல் வேலை நைட்டு போன் பெட்ரூமுக்கு வெளிய, ஹால்ல சார்ஜ் ஏறணும். அவ போன் மட்டும் இல்லம்மா, உங்களுது, வீட்டுக்காரரோடது, மூணும் ஒரே பிளக் பாக்ஸ்ல. அவர் படுத்துக்கிட்டே கிரிக்கெட் க்ளிப் பாத்துட்டு பொண்ணுகிட்ட மட்டும் புடுங்குனா அவ எப்படி கேப்பா, நான் அவ இடத்துல இருந்தா கேக்க மாட்டேன். அலாரம் வைக்கணும்னு சாக்கு சொல்லுவா, ஒரு டைம்பீஸ் வாங்கிக் குடுத்துடுங்க.

ஸ்ட்ரீக் அழுகை உங்களுக்குப் புரியலைன்னு நெனைக்கிறேன். ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் தினமும் ஒரு தடவையாச்சும் ஒருத்தருக்கொருத்தர் ஸ்னாப், அதாவது போட்டோவோ வீடியோவோ அனுப்பணும், ஒரு நாள் விட்டா எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துடும். அந்த நெருப்புப் படமும் பக்கத்துல இருக்கற நம்பரும் அவங்களுக்கு நட்போட அளவுகோல் மாதிரி. போகட்டும்டி இதுக்கெல்லாம் அழுவியான்னு சொன்னா, நீ என் ஃப்ரெண்டுகூட இருக்கற உறவையே கேலி பண்றேன்னுதான் அவளுக்குக் கேக்கும். அழுத நாள் ஒண்ணை வச்சு அடிக்ஷன்னு முடிவு கட்டாதீங்க. ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடான்னு 44 நாடுகள், பகுதிகள்ல உலக சுகாதார நிறுவனம் எடுத்த கணக்குப்படி 2022ல 11 சதவீதப் பிள்ளைங்ககிட்டதான் கட்டுப்படுத்த முடியாத, பிரச்சனையான பழக்கம் இருந்துச்சு, 2018ல அது 7 சதவீதம், பொண்ணுங்ககிட்ட கொஞ்சம் அதிகம். கூடிக்கிட்டு வருது, வாஸ்தவம்தான், ஆனா அழுத பிள்ளையெல்லாம் அதுல சேராது.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10லேர்ந்து 16 வயசுக்குக் கீழ அக்கவுண்ட் கூடாதுன்னு கொண்டு வந்தது உண்மை, ஆனா அந்தச் சட்டத்துல பிள்ளைக்கோ அப்பா அம்மாவுக்கோ தண்டனையே கிடையாது, தவறுனா கம்பெனிக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம். அவங்க சட்டையைப் பிடிச்சது கம்பெனியை, பிள்ளையை இல்ல. அடுத்து, இங்கிலாந்துல 2025ல 30 ஸ்கூல்கள்ல பாத்தப்போ, ஸ்கூல்ல போன் தடை இருந்த இடத்துலயும் இல்லாத இடத்துலயும் பிள்ளைங்க மனநலத்துல வித்தியாசம் இல்ல, ஆனா நாள் முழுக்க சேத்து அதிக நேரம் பாத்தவங்க நெலமை மோசமா இருந்துச்சு. ஒரு இடத்துல புடுங்குனா இன்னொரு இடத்துல பாத்துடுவாங்க. திடீர்னு புடுங்குனீங்கன்னா ஃப்ரெண்டு போன்ல லாகின் பண்ணுவா, நாளைக்கு எவனாச்சும் தப்பா மெசேஜ் பண்ணாலும் உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டா, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

நேரத்தைக் குறைக்கணும்னா அவளையே குறைக்க விடுங்க. பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில 143 மாணவர்கள்ல ஒரு பாதியை, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான்னு மூணு வாரம் கட்டுப்படுத்துனாங்க, தனிமையும் சோர்வும் குறைஞ்சுது. இதுல சுவாரஸ்யம் என்னன்னா, கட்டுப்பாடே இல்லாம வெறுமனே நேரத்தைக் கணக்கு காட்டிக்கிட்டு வந்த இன்னொரு குரூப்புக்கும் பதட்டம் குறைஞ்சிருந்தது. போன் செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன் டைம் இருக்கும், ஞாயித்துக்கிழமை உங்களுதையும் அவளுதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, யாரு யாரைத் திட்டப்போறீங்கன்னு பாப்போம்!

தூக்கத்தை சரி பண்ணி ரெண்டு மூணு வாரம் ஆகியும் சாப்பாடு குறையுது, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசல, மார்க் சரியுது, செத்துடலாம்ங்கற மாதிரி பேச்சு வருதுன்னா ரிசர்ச் படிச்சுக்கிட்டு உக்காராதீங்க. அந்தக் கடைசிப் பேச்சு வந்தா ரெண்டு வாரம்கூட காத்திருக்காதீங்க. 14416ன்னு டெலி மானஸ் நம்பர், அரசாங்கத்தோட மனநல உதவி லைன், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

கடைசியா அந்த 2003. அவ அப்படிப் போட்டதால இன்ஸ்டாகிராம் அவளை இருபது தாண்டின பொண்ணாத்தான் நெனச்சுக்கிட்டிருக்கு, அதுக்கேத்த மாதிரிதான் எல்லாம் காட்டும், முன்னப்பின்ன தெரியாத ஆளும் மெசேஜ் அனுப்ப முடியும். நிஜமான பிறந்த தேதி இருந்தா டீன் அக்கவுண்ட்டா மாறும், அந்த வசதி 2025ல இந்தியாவுக்கும் வந்துடுச்சு. அக்கவுண்ட் தானா ப்ரைவேட் ஆயிடும், தெரியாத ஆளுங்க மெசேஜ் போட முடியாது, நைட்டு பத்துலேர்ந்து காலையில ஏழு வரைக்கும் நோட்டிஃபிகேஷன் சத்தம் வராது, இதைத் தளர்த்தணும்னா 16 வயசு ஆகற வரைக்கும் உங்க அனுமதி வேணும். நீங்க போயி மாத்துனா சண்டை வரும். பீதி பீதின்னு சொல்ற தம்பியை அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவ பக்கத்துல உக்கார வச்சு, மாமாவும் மருமகளுமா சேந்து மாத்தச் சொல்லுங்க, பெங்களூருலேர்ந்து ஃபார்வர்டு அனுப்புறதுக்கு இது எவ்வளவோ உருப்படியான வேலை.