எடை குறைக்க வைட்டமின் ஏ மாத்திரை: உடனே நிறுத்துங்கள்

வணக்கம். வைட்டமின் ஏ கொழுப்பைக் கரைக்கும் என்று படித்துவிட்டுத் தினமும் 25,000 அலகு (IU) ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம், உள்ள மாத்திரை சாப்பிடுவதாகவும், எடை இறங்காமல் தலைவலிதான் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைவலியை அலட்சியப்படுத்தாதீர்கள்.

நீங்கள் படித்தது முழுப் பொய்யல்ல. ரெட்டினாலிலிருந்து உடல் உருவாக்கும் ரெட்டினாயிக் அமிலம், கொழுப்புச் செல்லின் உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. எலிகளில் அது புதிய கொழுப்புச் செல்கள் முதிர்வதைத் தடுக்கிறது. யூசிபி1 என்ற புரதத்தைக் கூட்டி, கொழுப்பை வெப்பமாக எரிக்க வைக்கிறது. அருமையான ஆய்வுகள்தான். ஆனால் மாத்திரை விழுங்கி மனிதர்களுக்கு எடை குறையும் என்பது நிரூபணமாகவில்லை.

அளவுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மிகுதியான வைட்டமின் சி சிறுநீரில் வெளியேறிவிடும்; வைட்டமின் ஏ அப்படியல்ல. கல்லீரலில் தங்கிச் சேரும். பெரியவர்களுக்கு ரெட்டினாலின் உச்சவரம்பு நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது சுமார் 10,000 அலகு. நீங்கள் அதைப்போல் இரண்டரை மடங்கு எடுக்கிறீர்கள். மிகையானால் தலைவலி, தோல் வறட்சி, முடி உதிர்தல், கல்லீரல் பாதிப்பு வரை போகும். கர்ப்பிணிகள் என்றால் கருவுக்கே ஆபத்து.

இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கல்லீரல் பரிசோதனை தேவையா என்று அவரிடம் கேளுங்கள்.