ஜப்பான் பழைய பீங்கான்: அடியில் இருக்கும் முத்திரையை நம்பலாமா?

கேள்வி: இணையத்தில் ஒரு இந்திய வியாபாரியிடம், தங்க வேலைப்பாடு செய்த வெளிர்மஞ்சள் ஜாடி வாங்கினேன். அடியில் வட்டத்துக்குள் சிலுவைச் சின்னம், கீழே ஆங்கிலத்தில் 'சட்சுமா' என்ற எழுத்து. '1850க்கு முந்தைய அசல் சட்சுமா' என்று விளம்பரம் சொன்னது. உண்மையாக இருக்குமா? இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அவர் சொன்ன வயது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தச் சின்னம் கியூஷு தீவின் தெற்கே சட்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்துடையது. 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு வெளிநாடுகளில் இந்தப் பாணிக்குக் கிராக்கி ஏறியது. கியோட்டோ, ஒசாகா, யோகோஹாமா பட்டறைகளும் அதே சின்னத்தைப் போட்டு ஏற்றுமதிக்குச் செய்து குவித்தன. ஆகவே சின்னத்தை வைத்து ஊரையும் சொல்ல முடியாது, வயதையும் சொல்ல முடியாது.

ஆங்கில எழுத்து அதைவிடப் பெரிய துப்பு. 1890ல் வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி, 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் 'நிப்பான்' என்ற முத்திரை வந்தது. 1921ல் 'ஜப்பான்' என்றே போடச் சொன்னார்கள். போருக்குப் பின் 1952 வரை 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற முத்திரையும் உண்டு. ஆகவே ஆங்கில எழுத்து இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இதைத் தலைகீழாக்கி, எழுத்தே இல்லையென்றால் 1891க்கு முந்தையது என்று சிலர் விற்பார்கள். அந்தச் சட்டம் அமெரிக்காவுக்குப் போன சரக்குக்குத்தான். அதிலும் காகித லேபிள் ஒட்டி அனுப்பியது நிறைய. 'ராயல் சட்சுமா' என்று இருந்தால் பெரும்பாலும் சமீபத்தில் சீனாவில் செய்தது.

ஒரு பூதக்கண்ணாடியில் ஓவியத்தைப் பாருங்கள். வரிசையான சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு, கை வேலை இல்லை.

பணம் பற்றி: ஆண்டைக் குறிப்பிட்டுப் பொய்யாக விற்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது நேர்மையற்ற வணிக நடைமுறை. 'பழைய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்று அவர் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். விளம்பரப் பக்கத்தை உடனே படம் எடுத்து வையுங்கள், பிறகு அது காணாமல் போகலாம். முதலில் வியாபாரிக்கு எழுத்தில் புகார், அப்புறம் 1915 உதவி எண். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: அடுத்த மாதம் கியோட்டோ போகிறேன். பழைய இமாரி தட்டு ஒன்று வாங்க ஆசை. எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: 21ஆம் தேதி அங்கே இருந்தால் தோஜி கோயில் சந்தைக்குப் போங்கள். 25ஆம் தேதி என்றால் கிதானோ தென்மான்கூ கோயில். விடிந்ததும் போய்விடுவது நல்லது, கையில் ரொக்கம் இருக்கட்டும். பழம்பொருள் வியாபாரம் செய்ய ஜப்பானில் உரிமம் கட்டாயம்; விலை அதிகமான பொருளைக் கடையில் வாங்கினால் அந்த உரிமப் பலகையைக் கவனியுங்கள்.

தட்டைத் திருப்பியதும் சீன மிங் பேரரசர் செங்ஹுவா காலத்து முத்திரை தெரிந்தால் குழம்ப வேண்டாம். அவர் ஆண்டது 15ஆம் நூற்றாண்டில். இமாரி என்று நாம் சொல்லும் பீங்கான் அரிதா ஊரில் 17ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. இமாரி என்பது அது கப்பலேறிய துறைமுகம். சீனப் பீங்கானுக்கு இருந்த மதிப்பால் அரிதா குயவர்கள் அந்த எழுத்தை அப்படியே எழுதினார்கள். எழுத்தைவிட அடிப்பாகமே எனக்கு முக்கியம். பெரிய தட்டுகள் சூளையில் நடுவே தொய்ந்துவிடாமல் இருக்கச் சிறு மண் கூம்புகளால் முட்டுக் கொடுப்பார்கள். அவற்றை உடைத்தெடுத்த தடம் அடியில் சில புள்ளிகளாக நிற்கும். சீனத் தட்டில் பொதுவாக இது இருக்காது. ஆனால் சிறிய தட்டில் இல்லாவிட்டால் போலி என்று அர்த்தமில்லை.

அடுத்தது சேதம். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதையே இங்கும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு விரல் நுனியால் மெதுவாகச் செய்யலாம். மந்தமான ஓசை வந்தால் விரிசலைத் தேடுங்கள். கடைக்காரர் 'நியூ' என்றால் மயிரிழை விரிசல், 'ஹொட்சு' என்றால் விளிம்பில் சிறு உடைவு, 'நவோஷி' என்றால் பழுது பார்த்தது, 'முகிசு' என்றால் சேதமே இல்லை. இணைய ஏலத்தில் இந்தச் சொற்களோடு 'நோ கிளெய்ம், நோ ரிட்டர்ன்' என்றும் சேர்ந்திருந்தால், எல்லாப் பக்கத்துக்கும் படம் கேட்காமல் ஏலம் கேட்காதீர்கள். மறைத்துப் பூசிய பழுது அல்ட்ரா வயலட் டார்ச் வெளிச்சத்தில் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும்.

தங்கக் கோட்டோடு ஒட்டிய கிண்ணம் பார்க்க அழகுதான். அரக்கு மரத்தின் பால், உண்மையான தங்கத்தூள் இரண்டும் சேர்ந்த வேலைக்கு விலை அதிகம். எபாக்சி பசையும் பித்தளைத் தூளும் போட்டதற்கு அந்த விலை கொடுக்காதீர்கள்.

முதல் பொருளுக்கே பெரிய தொகை வேண்டாம். மெய்ஜி காலத்து (1868–1912) அச்சு வேலைப்பாடுள்ள நீல வெள்ளைத் தட்டுகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். நூறு வயது தாண்டியவை, தினமும் எடுத்துப் பார்க்கவும் பயமில்லை. எனக்குக் கேட்டால், தங்கம் பூசிய பெரிய ஜாடியைவிட அதில் நாலைந்து வாங்குவேன்.

கேள்வி: மரப்பெட்டியோடு இருந்தால் விலை இரட்டிப்பு என்கிறார்கள். பெட்டிக்கு அவ்வளவு மதிப்பா?

பதில்: செய்த கலைஞரே கையெழுத்திட்ட 'தொமோபாகோ' என்றால் மதிப்புதான். பின்னால் வேறு பெட்டியைப் பொருத்தி வைத்தது 'அவாசேபாகோ'. எது என்று நேராகக் கேளுங்கள். கிண்ணம் பெட்டியில் ஆடினாலோ, மூடியில் 'பூ ஜாடி' என்று எழுதியிருந்து உள்ளே கிண்ணம் இருந்தாலோ அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: இவற்றில் சாப்பிடலாமா?

பதில்: கிளேஸ் எனும் பளபளப்பான மேல்பூச்சுக்குக் கீழே தீட்டிய நீல வெள்ளைத் தட்டில் விரிசல் இல்லையென்றால் முறுக்கு, பழம் வைக்கலாம். சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணங்களை மேலே தீட்டிய பழைய பாத்திரத்தில் ஈயம் இருக்கலாம். புளிக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சை எதுவும் அதில் வேண்டாம். தங்கம் இருந்தால் மைக்ரோவேவ் கூடாது.