மழை நின்ற மறுநாள் சொட்டும் கூரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு எழுபது ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. முன்கட்டு சீமை ஓட்டுக்கூரை. அதன் கீழே பலகை அடித்த மச்சு இருக்கிறது. பின்கட்டு, மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டுத் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த மெத்தை, அதாவது மொட்டைமாடி. ஐப்பசி மழைக்குப் பின் மச்சுப் பலகைகள் கறுத்துவிட்டன. பின்கட்டிலோ மழை நின்ற மறுநாள்தான் சொட்டத் தொடங்குகிறது. மெத்தை மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போடச் சொல்கிறார் ஒரு கொத்தனார். ரப்பர் பெயின்ட் போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டில் இரண்டு கூரைகள் இருக்கின்றன; இரண்டுக்கும் நோய் வேறு. ‘மறுநாள்தான் சொட்டுகிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதே இந்தக் கடிதத்தின் மிக முக்கியமான வரி. மழை பெய்யும்போதே, சில நிமிடங்களுக்குள் சொட்டினால் நீருக்கு நேர்வழி இருக்கிறது என்று பொருள். மழை விட்ட பிறகு சொட்டினால் இடையில் ஏதோ ஒன்று நீரைக் குடித்து வைத்திருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் சொட்டினால் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு நோட்டில் மழை தொடங்கிய நேரம், சொட்டத் தொடங்கிய நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்றுடன் சாரல் அடிக்கும் நாள்களில் மட்டும் ஈரம் காணுமானால், கூரையை விட வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களையும் சுவர்–ஓடு சந்திப்புகளையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

முதலில் மச்சு. நல்ல வெயில் நேரத்தில் ஏறி, விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஓடுகள் கோத்துக்கொள்ளும் இடங்களில் மெல்லிய ஒளிக்கீற்று தெரிவது இயல்பு. வானமே நேராகத் தெரிந்தால் அங்கே ஓடு உடைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. குரங்கு நடமாட்டம் உள்ள தெருவென்றால் வியப்பதற்கில்லை. ஆனால் பலகை கறுத்த இடத்திற்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே நுழைந்த நீர், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்திலும் அதைத் தாங்கும் சாய்வான கைமரத்திலும் வழிந்து, ஓர் ஆணியிலோ முடிச்சிலோ தடைபட்ட பிறகே கீழே விழும். எனவே மரத்தில் படிந்திருக்கும் பழுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு முகட்டை நோக்கி மேலே போங்கள். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் கறை கோட்டைத் தாண்டினால் கசிவு இன்னும் உயிரோடு இருக்கிறது, தாண்டாவிட்டால் நீங்கள் பார்ப்பது பழைய வடு.

மழைக்குக் காத்திருக்க முடியாதென்றால் ஹோஸ் குழாயால் சோதிக்கலாம். தாழ்வாரத்து ஓரத்தில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நீர் விட்டு, படிப்படியாக மேலே ஏற வேண்டும். மச்சில் ஒருவர் டார்ச்சுடன் இருக்க வேண்டும். முகட்டிலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லா இடத்தையும் குற்றவாளியாக்கிவிடும்.

இனி மெத்தை. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் அழைக்கும் இந்தத் தளத்தில், செங்கல்லுக்கும் தட்டோட்டுக்கும் இடையே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மூன்று நான்கு அங்குலப் படுகை உண்டு. அது பஞ்சுபோல நீரை உறிஞ்சி, மெதுவாகத்தான் விடும். உங்கள் மறுநாள் சொட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. நீர் நுழையும் வாய்கள் எப்போதும் சிலவேதான்: தட்டோடுகளின் இணைப்பு, கைப்பிடிச் சுவரின் அடி, மழைநீர் வெளியேறும் தூம்பு வாய், வேரோடிய அரசங்கன்று.

சோதிப்பதற்கு முன் கட்டைகளின் முனைகளைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் இற்றுப்போகும்; ஈரம் இருக்கும் இடத்துக்குக் கரையானும் வந்துவிடும். ஸ்குரூடிரைவரால் குத்தும்போது மெத்தென்று இறங்கினால், நீர்ச் சோதனையை மறந்துவிட்டு முட்டுக் கொடுத்து, கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். மரம் கெட்டியாக இருந்தால் மட்டும், களிமண்ணால் சிறு பாத்தி கட்டி ஓர் அங்குலம் நீர் தேக்கிப் பகுதி பகுதியாகச் சோதிக்கலாம். மறுநாள் சொட்டும் தளம் என்பதால் ஒரு பாத்திக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நாளாவது விடுங்கள். ஓர் அங்குல நீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. மெத்தை முழுவதையும் ஒரே நேரத்தில் நிரப்புவது கூடவே கூடாது.

கொத்தனார் சொன்ன சிமென்ட்டுக்கு நான் மறுப்புச் சொல்வதும் இந்தக் கணக்கினால்தான். இரண்டு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ. பத்துக்குப் பத்து அடி அறையின் மேல் ஒரு டன்னுக்கும் அதிகமான பாரம், வயதான கட்டைகளின் மேல் நிரந்தரமாக உட்காரும். அதோடு சுண்ணாம்புத் தளம் மேல்வழியாக உலர்வதும் தடைப்பட்டு, உள்ளே சிறைப்பட்ட ஈரம் மரத்தைத் தேடிப் போகும். ஈரத் தளத்தின் மேல் பூசிய ரப்பர் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும். கொப்புளித்து உரிவது கூடுதல் இனாம். தளம் காய்ந்துவிட்டதா என்று அறிய, இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை மெத்தையில் விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்த பின் இணைப்புகளைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்தால் நிரப்பி, கைப்பிடிச் சுவரின் அடியைச் சாய்வாகப் பூசினால் பெரும்பாலும் போதும். இதைத் தை, மாசியில் முடிப்பது நல்லது. நம் வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சாந்து இறுகுவதற்குள் காய்ந்து வெடிக்கும். எந்த மாதமானாலும் ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள்.

கேள்வி: மாடி அறைக்குத் தகரக் கூரை. மார்கழியில் மழையே இல்லாமல் விடியற்காலையில் சொட்டுகிறது. ஆணித் துளைகளை எல்லாம் அடைத்தும் பயனில்லை.
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: அது ஒழுக்கு அன்று, பனி. தெளிந்த வானத்தின் கீழ் தகரம் காற்றை விடக் குளிர்ந்துபோவதால், அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று அதன் அடிப்புறத்தில் நீராகப் படிகிறது. விடியற்காலையில் தகரத்தின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். ஆணிகளின் அருகில் மட்டுமின்றிப் பரவலாக நனைந்திருக்கும். இரவில் அந்த அறையில் துணி உலர்த்துவதை நிறுத்தி, சுவரின் உச்சியில் எதிரெதிராக இரண்டு காற்றுத் துளைகள் வையுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், தகரத்தின் அடியில் இடைவெளியின்றி வெப்பத்தடுப்பு ஷீட் ஒட்டச் சொல்லுங்கள்.