சூரிய மின்சாரம்: கூரையை அளக்கும் முன் ஈ.பி. பில்லை எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கூரையில் சூரிய மின்சாரம் அமைப்பதன் செலவு, வரவு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். 2024 ஜூலையில் தமிழக வீடுகளுக்கு வந்த, அரசு மானியம் கழித்த கட்டணத்தைக் கணக்குக்கு எடுத்திருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101–200க்கு ரூ.2.35, 201–400க்கு ரூ.4.70, 401–500க்கு ரூ.6.30. மொத்தம் 500ஐத் தாண்டினால் 101லிருந்து 400 வரை முழுவதும் ரூ.4.70 ஆகிவிடும், அதற்கு மேல் 501–600க்கு ரூ.8.40, 601–800க்கு ரூ.9.45, 801–1000க்கு ரூ.10.50, அதற்கும் மேல் ரூ.11.55. அமைக்கும் செலவாகச் சொல்பவை தோராய விலைகளே. உங்கள் ஊரில் வாங்கிய கொட்டேஷனைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிறது. மாடியில் 5 கிலோவாட்டுக்கு இடம் இருக்கிறது, முழுவதும் போட்டுவிடுங்கள் என்கிறார் நிறுவ வந்தவர். போடலாமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். இடம் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். பில்லின் உச்சியிலிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

700 யூனிட்டுக்கு இப்போது நீங்கள் கட்டுவது ரூ.3,825. தமிழ்நாட்டில் நிழல் விழாத மாடியில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. ஆக 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து, பில்லில் நிற்பது 220 யூனிட். அதற்குக் கட்டணம் ரூ.329. ஒவ்வொரு பில்லிலும் ரூ.3,496 மிச்சம், ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ.21,000. 2 கிலோவாட்டுக்கு ரூ.1,30,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்ட மானியம் ரூ.60,000 போக உங்கள் கைக்காசு ரூ.70,000. மூன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

மூன்றாவது கிலோவாட்டைச் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் ரூ.1,80,000, மானியம் ரூ.78,000. கூடுதலாக நீங்கள் போடுவது ரூ.32,000. அது மிச்சம் பிடிப்பது மீதியிருந்த ரூ.329ஐ மட்டும்தான். ஆண்டுக்கு ரூ.2,000கூட வராது. அந்த ஒரு கிலோவாட்டின் பணம் திரும்ப 16 வருடம் ஆகும். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் மானியமே கிடையாது, மானியம் ரூ.78,000உடன் நின்றுவிடும். மிஞ்சிய யூனிட்டுகள் அடுத்த பில்லுக்குப் போய்ச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக் கணக்கு முடியும்போது நிற்கும் மிச்சத்துக்கு, நீங்கள் பில்லில் கொடுக்கும் விலை கிடைக்காது.

ஓரிரு ஆண்டில் ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கப் போகிறீர்கள் என்றால் 3 கிலோவாட்டுக்குத் தாங்கும் இன்வெர்ட்டரை இப்போதே வாங்கி, பேனலை 2 கிலோவாட்டுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். பிறகு பேனலைச் சேர்ப்பது எளிது. விண்ணப்பத்தில் எந்தக் கொள்ளளவு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: வீட்டில் கீழே ஒன்று, மாடிக்கு ஒன்று என்று இரண்டு மின் இணைப்பு இருந்தால், சூரிய மின்சாரம் எந்த இணைப்பு எண்ணில் சேர்கிறதோ அந்தப் பில்லில்தான் கழியும். அதிக யூனிட் ஓடும் இணைப்பையே கொடுங்கள். அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருப்பது நல்லது. இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இணைப்பு நிற்பதுதான் பல வீடுகளில் மாதக்கணக்கான தாமதத்துக்குக் காரணம். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

நாங்கள் இருவர்தான். 300 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். எங்களுக்கு லாபமா?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் பில் ரூ.705. 1 கிலோவாட் போட்டால் அது சுழியமாகும், ஆண்டுக்கு ரூ.4,230 மிச்சம். சிறிய அமைப்புக்குக் கிலோவாட் விலை எப்போதும் கூடுதல். ரூ.70,000இல் மானியம் ரூ.30,000 போக ரூ.40,000 போடுகிறீர்கள். திரும்ப ஒன்பதரை வருடம். நஷ்டமில்லை, அவசரமும் இல்லை. 200 யூனிட்டுக்குள் இருப்பவர்கள் பணத்தை வைப்பு நிதியில் போடலாம்; பழைய மின்விசிறிகளை 28–30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால் அதைவிட நல்லது.

500ஐ ஒட்டி நிற்பவர்களின் நிலை வேறு. 500 யூனிட்டுக்கு ரூ.1,805, 510க்கு ரூ.2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! அப்படிப்பட்ட வீட்டில் 1 கிலோவாட்டுக்கு நல்ல வேலை இருக்கிறது.

பேனல் விலை வருடா வருடம் இறங்குகிறதே. இரண்டு வருடம் பொறுத்தால் பாதி விலைக்குக் கிடைக்காதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பேனல் விலை இறங்கிய வரலாறு மலைக்க வைப்பதுதான். 1977இல் ஒரு வாட் சிலிக்கான் செல்லின் விலை 76 டாலர். 2024இல் சீனத் தொழிற்சாலை வாசலில் ஒரு வாட் பேனல் ஏறக்குறைய 10 சென்ட். உலகில் அதுவரை நிறுவிய மொத்தக் கொள்ளளவு ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. சிலிக்கான் துண்டு மெலிந்தது, அதை அறுக்க வைரக் கம்பி வந்தது, வெள்ளிப் பசை குறைந்தது, செல்லின் திறன் கூடியது, ஆலைகள் பெருத்தன.

ஆனால் இரட்டிப்பு என்பது போகப் போகக் கடினம். உலகக் கொள்ளளவு 2022இல் 1,000 ஜிகாவாட்டைத் தாண்டியது, 2024 இறுதியில் 2,000ஐ எட்டியது. விலை இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைய அது 4,000 ஆக வேண்டும். மேலும் அந்தப் பத்து சென்ட், ஆலைகள் அடக்கவிலைக்கும் கீழே விற்ற விலை. அது அங்கேயே நிற்கும் என்று நம்பக் கூடாது.

உங்கள் மாடிக்கு வருவது அந்தப் பேனலும் அல்ல. மானியம் வேண்டுமென்றால் செல்லும் பேனலும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். அவற்றின் விலை வாட்டுக்கு ரூ.25 வாக்கில் நிற்கிறது. அப்படியானால் 2 கிலோவாட்டின் ரூ.1,30,000இல் பேனலுக்குப் போவது ரூ.50,000தான். மீதி இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், ஒயர், பாதுகாப்புப் பெட்டிகள், மூன்று எர்த் குழிகள், ஆள்கூலி. கூலியும் இரும்பும் இறங்கப் போவதில்லை. பேனல் 20 சதவீதம் குறைந்தாலும் உங்களுக்கு மிச்சம் ரூ.10,000. காத்திருக்கும் ஒரு வருடத்தில், முதல் கேள்வியில் பார்த்த வீடு ரூ.21,000 கூடுதலாகப் பில்லில் கட்டியிருக்கும்.

ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அந்தச் சலுகை ஏற்கெனவே வந்தாயிற்று. மானியத் திட்டத்தின் காலம் 2026–27 நிதியாண்டு வரை. 500 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீடு காத்திருப்பதில் எந்த லாபமும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆயுள் முழுவதற்குமான கணக்கு வேண்டுவோருக்கு: 2 கிலோவாட் 25 வருடத்தில், தேய்மானம் போக, சுமார் 67,000 யூனிட் தரும். கைக்காசு ரூ.70,000, நடுவில் ஒரு முறை இன்வெர்ட்டர் மாற்ற ரூ.25,000. யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய்க்குள். மானியமே இல்லாவிட்டாலும் ரூ.2.30தான். கடன் வாங்கினால் வட்டியைச் சேர்க்க வேண்டும்.

சோலார் போட்டால் கரண்ட் கட் பிரச்சினை தீரும் என்று நினைத்துப் போட்டோம். நல்ல வெயிலில் கரண்ட் போனபோது வீடும் இருண்டுவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, விருதுநகர்

உங்களிடம் முதலிலேயே சொல்லாதது தவறு. கருவி சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் போனதும் தானும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் கம்பத்துக்குப் போய், பழுது பார்க்க ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லும். இதில் எந்தச் சமரசமும் கூடாது.

கட் நேரத்திலும் ஓட வேண்டுமானால், லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரியை அதன் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். அது ஆயுளில் தேக்கித் தரும் ஒரு யூனிட்டுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 1.8 யூனிட் கொள்ளும். பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும். விலை ரூ.15,000, ஏற்றி இறக்குவது 1,200 சுற்று என்றால், தேக்கித் தரும் யூனிட்டுக்குப் பதினான்கு ரூபாய். 5 யூனிட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ரூ.1,00,000, நாளுக்கு 4.5 யூனிட், 4,000 சுற்று என்று வைத்தால் யூனிட்டுக்கு ரூ.5.55. ஏற்றி இறக்குவதில் போகும் பத்து சதவீதம் தனி.

லைனிலிருந்து எடுத்ததில் லைனுக்குக் கொடுத்ததைக் கழிக்கும் நெட் மீட்டர் இருக்கும் வரை பகலில் மிஞ்சுவதை லைனே வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் பணம் மிச்சம் பிடிக்க மட்டும் பேட்டரி வாங்குவது இன்றைக்குக் கட்டுப்படியாகாது. கட் நேரத்துக்கு விசிறி, விளக்கு, இணையம் போதுமென்றால் பழைய வீட்டு இன்வெர்ட்டரே போதும். வீட்டில் ஆக்சிஜன் கருவி போன்றவை ஓடுகின்றன என்றால் லித்தியம் வாங்குங்கள், கணக்குப் பார்க்க வேண்டாம்.

பேனலைவிடப் பேட்டரிக்குத்தான் காத்திருப்பதில் பொருள் இருக்கிறது. 2010இல் ஒரு யூனிட் (கிலோவாட் மணி) கொள்ளளவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்த லித்தியம் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2024இல் 115 டாலருக்கு வந்துவிட்டது.

போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. உற்பத்தி கால்வாசி குறைந்துவிட்டது. பேனல் கெட்டுவிட்டதா?
– வாசகர், தூத்துக்குடி

பேனல் அவ்வளவு வேகமாகத் தேயாது. முதல் வருடம் 1 முதல் 2 சதவீதம், பிறகு வருடத்துக்கு அரை சதவீத அளவு. காரணம் வேறெங்கோ இருக்கிறது. இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில், எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிடுகிறீர்கள்? மார்ச்சையும் நவம்பரையும் ஒப்பிடக் கூடாது. சித்திரை வெயிலில் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்பதும் சரியல்ல. செல் 65 டிகிரிக்குச் சூடேறினால் மோனோ பெர்க் வகைப் பேனல் தன் உற்பத்தியில் 14 சதவீதமும் டாப்கான் வகைப் பேனல் 12 சதவீதமும் இழக்கும். சென்ற ஆண்டின் அதே மாத ரீடிங்கை எடுங்கள்.

அடுத்து நிழல். இரண்டு வருடத்தில் தென்னை வளர்ந்திருக்கும், பக்கத்து வீட்டில் டேங்க் ஏறியிருக்கும். பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கை முழுவதுமாக அணைக்கும், சில சமயம் வரிசை முழுவதையும் இழுக்கும். காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்கு மாடியில் நின்று பாருங்கள்.

மூன்றாவது அழுக்கு. உங்கள் ஊரில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து படியும். கழுவுவது ஆழ்துளைக் கிணற்று நீரில் என்றால் உப்புத் திட்டு படிந்து, நாளடைவில் தேய்த்தாலும் போகாது. மழைநீர் அல்லது குடிநீர், மென்மையான துணி, விடியற்காலை. வெயிலில் சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

நான்காவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: லைன் வோல்டேஜ். தெருவில் பல வீடுகள் சோலார் போட்டபின் நண்பகலில் 230 இருக்க வேண்டியது 255, 260க்கு ஏறும். இன்வெர்ட்டர் தானே நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி தொடங்கும். செயலியில் உற்பத்திக் கோடு நண்பகலில் வெட்டு வெட்டாகத் தெரிந்தால் இதுதான். பிழைப் பதிவைப் படமெடுத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் மெலிதாக இருந்தாலும் இதே தொல்லை வரும்.

கடைசியாக, பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர். ஆண் ஒரு கம்பெனி, பெண் வேறு கம்பெனி என்று சேர்த்திருந்தால் தொடுபுள்ளி சூடாகி உருகும். தீ விபத்துக்கே காரணமாகக்கூடும். கறுத்த கனெக்டரை நீங்கள் தொடவே கூடாது. வெயிலில் அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்சாரம் (டி.சி.) ஓடுகிறது.

சூரிய மின்சாரத்தை யூனிட் 2 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறார்கள் என்று படித்தேன். நான் ஏன் 9 ரூபாய் கட்ட வேண்டும்?
– வாசகர், சேலம்

2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் ரூ.1.99 வந்தது உண்மை. ஆனால் அது ஆலை வாசலில், வெயில் நேரத்தில் கிடைக்கும் யூனிட்டின் விலை. அதற்கு மேல் கம்பி, டிரான்ஸ்பார்மர், வழி இழப்பு எல்லாம் இருக்கின்றன. பழைய ஒப்பந்தங்களும் இருக்கின்றன: 2016இல் திறந்த கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்திடம் யூனிட் ரூ.7.01க்கு 25 வருடத்துக்கு வாங்குவதாக ஒப்பந்தம். அது அன்றைக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை. விலை விழுந்துகொண்டே இருக்கும் பொருளை நீண்ட ஒப்பந்தத்தில் வாங்கினால் இந்தச் சுமை வரும்.

இரவுதான் பெரிய சிக்கல். சூரியன் இறங்கிய பிறகும் வீடுகளில் ஏசி ஓடுகிறது. அந்த நேரத்துக்கு அனல் நிலையத்தைத் தயாராக வைத்திருக்கும் செலவு, பகலில் எத்தனை மலிவாகச் சூரிய மின்சாரம் வந்தாலும் குறையாது. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் இரவிலும் கை கொடுக்கின்றன. மற்ற மாதங்களுக்குப் பேட்டரியும், நீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும், நீலகிரியில் கட்டப்பட்டு வரும் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் போன்றவையும் வேண்டும். இனி வரும் ஆண்டுகளில் உங்கள் கட்டணத்தை முடிவு செய்யப் போவது பேனலின் விலையைவிட, மாலை 6 முதல் 10 வரையிலான மின்சாரத்தைத் தேக்கித் தரும் விலைதான்.

மாடியில் சின்னக் காற்றாலை வைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். காற்றின் வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகும். விளம்பரத்தில் 1 கிலோவாட் என்பது வினாடிக்கு 12 மீட்டர் காற்றுக்கான கணக்காக இருந்தால், மாடி உயரத்தில் மரமும் கட்டடமும் தடுத்து வரும் 3 மீட்டர் காற்றில் கிடைப்பது அதில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஒரு விளக்குக்கான 15 வாட். உங்கள் பக்கத்து முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றைக் குவித்துத் தருகிறது. அங்கேயும் கோபுரத்தை உயர்த்தித்தான் அதைப் பிடிக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு பேனல் கூடுதலாகப் போடுங்கள், பில் இடம் கொடுத்தால்.